எட்டு இல்லாத எண்ணும் நானும்

கணக்கு மெஷின் விற்கிறவனுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை; தோள்பட்டை கெட்டியாக இருந்தால் போதும். என் இடது தோள் வலது தோளைவிட இன்றைக்கும் ஒரு விரற்கடை இறங்கித்தான் இருக்கிறது. தையல் மெஷினோ, இன்ஷூரன்ஸோ, பினாயிலோ, எதையாவது சுமந்துகொண்டு பம்பாயில் படியேறிய பிறவி நீங்கள் என்றால் உங்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டாம். சாப் ஊரில் இல்லை என்று பியூன் சொல்லும்போதே சாப் உள்ளே தும்முகிற சத்தம் நம் எல்லார் காதிலும் விழுந்திருக்கும்.

யுத்தம் முடிந்து கப்பல்களில் மறுபடி சாமான்கள் வர ஆரம்பித்திருந்த சமயம். ஃபோர்ட் வட்டாரத்தில் ஒரு பார்ஸிக்காரர் கம்பெனியில் சேர்ந்தேன். இரும்பாலான கணக்கு மெஷினைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போய் ஆபீஸ் ஆபீஸாகச் சுற்றிக் காட்டுவது வேலை. மெஷினின் முகத்தில் வரிசையாக லீவர்கள். ஒவ்வொன்றையும் சைபரிலிருந்து ஒன்பது வரை எந்த இலக்கத்திலும் நிறுத்தலாம். ஒவ்வொரு இலக்கத்துக்கும் உள்ளே ஒரு சின்னப் பள்ளம் உண்டு, லீவர் அதில் 'டிக்' என்று உட்காரும். வலது பக்கம் கைப்பிடி. ஒரு சுற்றுச் சுற்றினால் நாம் வைத்த எண் கீழே ஜன்னல்களில் வந்து நிற்கும். இன்னொரு சுற்றுக்கு இன்னொரு தரம் கூடும். ஒன்பது சுற்று சுற்றினால் ஒன்பதால் பெருக்கினதாகக் கணக்கு. சுற்றிச் சுற்றிக் கை ஓய்வது நாம். பேர் மட்டும் மெஷினுக்கு.

சேரும்போதே மேனேஜர் நிபந்தனையைச் சொல்லிவிட்டார். தீபாவளிக்குள் ஒரு மெஷினாவது விற்றால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பெட்டியை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போகலாம்.

டிராமில் ஒரு பாட்டு

பெட்டி பார்ப்பதற்கு அசல் கிராமபோன் பெட்டி மாதிரியே இருக்கும். கைப்பிடி வேறு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கிங்ஸ் சர்க்கிளில் டிராம் ஏறி மடியில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தாதர் வருவதற்குள் யாராவது ஒருவர் என்ன பிளேட் வைத்திருக்கிறேன் என்று கேட்காமல் இருக்கமாட்டார். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாலக்காட்டுப் பெரியவர், டிராமில் கூட்டம் இல்லையே, ஒரு பாட்டு வைத்தால் என்ன குறைந்துபோகும் என்று உரிமையோடு ஆரம்பித்தார்.

இது பாட்டுப் பெட்டி இல்லை, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நாலையும் செய்கிற மெஷின் என்று நான் என் பாடத்தை ஒப்பித்தேன். எங்கே விற்பனைக்கு இடம் கிடைக்கும் என்று காத்திருந்தவன் ஆயிற்றே. அவர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார், கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார், பிறகு மிகவும் வருத்தத்தோடு சொன்னார்.

"கணக்குப் போடறதுக்கு எங்காத்துல புருஷா நாலு பேர் இருக்கோம். பாட்டுக்குத்தான் ஆள் இல்லை."

காப்பிப்பொடிக் கடையில் தோற்ற கதை

மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் ஒரு காப்பிப்பொடிக் கடை. முதலாளி கும்பகோணத்துக்காரர். நம்ம ஊர்க்காரர், நம்ம பாஷை, இவரிடம் ஆரம்பிப்போம் என்று மெஷினை வறுத்த கொட்டை மூட்டைமேல் ஏற்றி வைத்தேன். அவரே ஒரு கணக்குக் கொடுத்தார்: முந்நூற்று நாற்பத்தேழை இருபத்தாறால் பெருக்கு. சுற்றினேன். ஒன்பதாயிரத்து இருபத்திரண்டு என்று ஜன்னலில் வந்து நின்றது.

அவர் ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பொட்டலக் காகிதத்தை எடுத்துப் பென்சிலால் தாமே போட ஆரம்பித்தார். அவருக்கு ஒன்பதாயிரத்துப் பன்னிரண்டு வந்தது. எங்கேயோ ஒரு 'மிச்சம் ஒன்று' காப்பிப்பொடியில் விழுந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அதை அவர் கடையில், அவர் வாடிக்கைக்காரர்கள் முன்னால், எந்த வாயால் சொல்வது? காகிதத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்து, முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

"தம்பி, முப்பது வருஷமா இந்தக் கை தப்புப் போட்டதில்லை. மெஷினை நல்ல ஆளாப் பார்த்து ரிப்பேருக்குக் கொடுங்க."

தாராவியில் ஏழு

அன்றைக்குத்தான் எனக்கு ஞானோதயம் ஆயிற்று. சரியான விடைக்கு நெற்றியில் பொட்டு கிடையாது. தப்பு விடையும் சரியான விடையும் பார்த்தால் ஒரே ஜாடைதான். ஆகவே பார்த்த மாத்திரத்தில் சரி என்று எவனும் ஒப்புக்கொள்கிற மாதிரி விடை வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டாகப் போட்ட ஒரு பெருக்கல் ஞாபகம் வந்தது. 12345679. ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாக எழுதி, நடுவில் எட்டை மட்டும் விட்டுவிட வேண்டும். அதை ஒன்பதால் பெருக்கினால் 111111111, ஒன்பது ஒன்றுகள் சிப்பாய்கள் மாதிரி வரிசையில் நிற்கும். யாருக்காவது ஏழு பிடிக்கும் என்றால் ஏழொன்பது அறுபத்து மூன்றால் பெருக்க வேண்டியது. ஜன்னல் முழுக்க ஏழு. ஐந்து பிடிக்குமா, நாற்பத்தைந்து. இதைவிட நம்பகமான சாட்சி கோர்ட்டில்கூடக் கிடைக்காது.

தாராவியில் தோல் பதனிடும் கொட்டகை ஒன்றை நடத்தி வந்தார் திருநெல்வேலிக்காரர் ஒருவர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. சுண்ணாம்புத் தொட்டி வாடையில் கண்ணில் நீர் வழிய அவருக்குப் பிடித்த இலக்கம் எது என்று கேட்டேன். ஏழு என்றார். ஏழு ஏழாக வந்து நின்றதும் மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேலைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுவிட்டார். ஒருவனுக்கு மூன்று, ஒருவனுக்கு ஐந்து, புதிதாகக் கல்யாணமானவனுக்கு இரண்டு. நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். கொட்டகையில் வேலை நின்றது. எனக்குச் சுக்குக் காப்பியும் சீரணி மிட்டாயும் வந்தன. மெஷின் இங்கே இறங்கிவிட்டது என்றே நினைத்தேன். கடைசியில் அண்ணாச்சி என்னைத் தனியாக அழைத்துப் போய், தோளில் கை போட்டு, மனசு நோகாத குரலில் சொன்னார்.

"எல்லாம் சரிதாம்வே. ஆனா நம்ம தோலு கணக்குல இப்படி ஒரே நம்பரா வராதுல்லா. கலந்து வார கணக்குக்கு வேற மெஷினு இருந்தா கொண்டாரும், பாப்போம்."

சனி பகவான் குடியில்லாத வீடு

மெஷின் விற்கவில்லையே தவிர, அந்த எண் என்னைப் பிடித்துக்கொண்டது. லோகல் வண்டியில் போக வர அதையே நோண்டிக்கொண்டிருப்பேன். மூன்றால் பெருக்கினால் 37037037; முப்பத்தேழு நடுநடுவே சைபரில் இளைப்பாறிக்கொண்டு மூன்று முறை வரும். எட்டால் பெருக்கினால் 98765432, எண் அப்படியே தலைகீழாக மாடிப்படி இறங்கும். முன்னே காணாமல் போன எட்டு இப்போது வீட்டில் இருக்கும், ஒன்றைத்தான் காணோம். ஒன்றை எண்பத்தொன்றால் வகுத்துத் தசமத்தில் போட்டுக்கொண்டே போனால் இதே எண்தான், ஒரு சைபரை முன்னால் அனுப்பிவிட்டு, முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும். இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்தேழு. அந்த முப்பத்தேழாலேயே எண்ணை வகுத்தால் மிச்சமில்லாமல் 333667. ஒரு எண்ணுக்கு இத்தனை லட்சணமா என்று எனக்கே கண் பட்டுவிடும் போல இருந்தது.

எங்கள் கட்டடத்தில் மேல் மாடியில் ஜோஸ்யர் மாமா ஒருவர் இருந்தார். தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது இந்தப் பெருமையை எல்லாம் அவரிடம் அளந்தேன். அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டார். முப்பத்தேழு, மூன்றும் ஏழும் பத்து, ஆக ஒன்று. ஒன்று சூரியனுடைய எண். எட்டு சனியுடையது, அதுதான் இந்த எண்ணில் கிடையவே கிடையாதே. அவர் முகம் மலர்ந்துபோயிற்று. நான் வேறு எண்ணைத் தொட்டுவிடுவேனோ என்ற கவலையில், குழாயில் அவர் முறை வந்தும்கூட என்னை விடாமல் சொன்னார்.

"சனி கால் வைக்காத வீடுடா இது. இந்த எண்ணை விட்டுட்டு வேற எதையும் மெஷின்ல ஏத்தாதே."

மேனேஜரின் பாராட்டு

ஜோஸ்யர் வாக்கை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். காலையில் பெட்டியைத் திறந்தால் அந்த எண்ணை ஏற்றுவேன். சாயங்காலம் மூடும்வரை அதே எண்தான். லீவர்களைப் பார்க்காமலேயே விரல்கள் தாமாகப் போய் நிற்கும். கடைசி லீவரை ஒன்பதுக்கு இழுக்கிற வேகத்தில் 'டிக் டிக் டிக்' என்று தாளம் போட்டுக்கொண்டு போகும். பார்க்கிறவர்கள் கை தட்டுவார்கள்.

எண் ஊரெல்லாம் பரவிவிட்டது. ஃபோர்ட்டில் பியூன்கள் அதைக் கரியால் சுவரில் எழுதிப் பெருக்கினார்கள். நான் அடியெடுத்து வைக்கிற ஆபீஸில், வாருங்கள் ஒன்று இரண்டு மூன்று பாபு என்று வரவேற்பு. டீ கிடைத்தது, நாற்காலி கிடைத்தது, ஆர்டர் மட்டும் கிடைக்கவில்லை. காகிதமும் பென்சிலும் இருந்தால் வீட்டிலேயே வேடிக்கை பார்க்கலாம் என்றானபின் இரும்பு மெஷினை எவன் வாங்குவான்? தீபாவளி கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே ஆபத்து என்பது நம் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நிதானமாகக் கேட்டார்.

"எண்ணை நன்றாக விற்கிறாய். மெஷினை எப்போது விற்கப்போகிறாய்?"

பெண் பார்க்கப் போன மெஷின்

நான் இருந்தது அக்கா வீட்டில். எனக்குச் சீக்கிரம் ஒரு கல்யாணத்தைப் பண்ணித் தனிக்குடித்தனம் வைத்துவிட வேண்டும் என்று அத்திம்பேருக்கு ஆசை; இருந்த ஒரே அறையில் ஒரு மூலையை நானும் மெஷினும் ஆக்கிரமித்திருந்ததை அவர் மறக்கவில்லை. செம்பூரில் ராமசேஷன் என்று ஒருவர், கப்பல் கம்பெனி ஒன்றில் அக்கவுண்டண்ட். அவர் பெண் விசாலம் கணக்கு எடுத்து இண்டர் பாஸ் செய்தவள். ஜாதகம் பொருந்திவிட்டது. பொருந்தாதது என் உத்தியோகம். அது நிரந்தரமானால்தான் மேலே பேச்சு என்றார் ராமசேஷன். அதற்கு ஒரே ஒரு வழிதான் பாக்கி இருந்தது. வருகிற திங்கட்கிழமை ஒரு பெரிய இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மெஷினைக் காட்ட எனக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அது தவறினால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் செம்பூரும் இல்லை. அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, பெண்ணையாவது பார்த்துவிட்டுப் போகட்டும் என்று அத்திம்பேர் எப்படியோ சம்மதம் வாங்கினார். ராமசேஷன் ஒன்று மட்டும் சொல்லியனுப்பினார்: பையன் என்னதான் செய்கிறான் என்று பார்க்க வேண்டும், மெஷினும் வரட்டும்.

குர்லாவில் வண்டி மாறி, அத்திம்பேர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். ரேஷன் காலம், சொஜ்ஜி வெல்லத்தில் செய்திருந்தார்கள். பெண் பார்க்கப் போனால் பெண்ணைத்தான் பாடச் சொல்வார்கள். அங்கே என்னைச் சுற்றச் சொன்னார்கள். நானும் வஞ்சனை இல்லாமல் சுற்றினேன். ஒன்று வந்தது, ஏழு வந்தது, ராமசேஷனுக்குப் பிடித்த நாலு வந்தது. அவர் சம்சாரம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகக் கை தட்டினார்கள். விசாலம் மட்டும் தட்டவில்லை. ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, என்னிடம் நேராகக் கேட்கக் கூடாதே, அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்: அந்த எண்ணில் எட்டு எங்கே என்று. எட்டைச் சேர்த்தால் விடை இவ்வளவு லட்சணமாக வராது என்று நான் அப்பாவிடம் சொன்னேன். வராவிட்டால் என்ன, கடைசி ஒன்பதை எட்டாக மாற்றி ஒரு தரம் சுற்றச் சொல்லுங்கள் என்று அவள் அப்பாவிடம் சொன்னாள். ராமசேஷன் பாவம், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி இரண்டு பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தார்.

கேட்டதைச் செய்ய வேண்டியதுதானே. கடைசி லீவரை எட்டில் நிறுத்தினேன். 12345678. ஒன்பது சுற்று. ஜன்னலில் 111111111. மறுபடியும் ஒன்பது ஒன்றுகள்! ஜன்னலோரத்தில் முன்னைவிடப் பலமாகக் கைதட்டல். எட்டைச் சேர்த்தும் இவ்வளவு அழகாக வருகிறதே என்று மாமி சொஜ்ஜியை இன்னொரு கரண்டி வைத்தாள். நான்கூட ஒரு வினாடி பூரித்துப்போனேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். விசாலம் ஊஞ்சலைவிட்டு எழுந்தாள். இந்தத் தடவை அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"ரெண்டு வேற வேற எண்ணை ஒன்பதால பெருக்கினா எப்படி ஒரே விடை வரும்?"

குர்லா வண்டிக்கு நேரமாயிற்று

கூடத்தில் கைதட்டல் நின்றது. அத்திம்பேர் என் காலை மிதித்தார். எதையாவது சொல்லிச் சமாளி என்று அர்த்தம். மெஷின் சீமையிலிருந்து வந்தது, தப்பே போடாது என்று சொல்லிவிட்டு வேறு இலக்கத்துக்குத் தாவியிருக்கலாம். என் தொழிலில் அதுதான் வழக்கம். ஆனால் அவள் கேட்ட கேள்வி மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த எண்ணோடு இத்தனை மாதம் குடித்தனம் நடத்தியவனுக்கு இது உறைக்காமல் போயிற்றே! காகிதம் கேட்டேன். 12345678 தரம் ஒன்பது, கையால் போட்டேன். 111111102 வந்தது. அவளும் அடுக்களைக் கதவில் சாக்குக்கட்டியால் போட்டிருந்தாள். அவளுக்கும் அதேதான்.

மெஷினில் மறுபடி எட்டை வைத்தேன். இந்தத் தடவை கைப்பிடியைப் பார்க்காமல் லீவரைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சுற்றினேன். எட்டில் நின்ற லீவர், சுற்று ஆரம்பித்ததும் சத்தமே இல்லாமல் ஒன்பதுக்கு நழுவிற்று. அவ்வளவுதான் விஷயம். அவா சொல்றதுதான் சரி, மெஷின்தான் தப்பு என்று ராமசேஷனிடம் சொன்னேன். விடிந்தால் இன்ஷூரன்ஸ் ஆபீஸ். இந்த மெஷினைத்தான் அங்கே சுற்ற வேண்டும். விசாலம் சாக்குக்கட்டியைச் சுவர்ப் பிறையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ராமசேஷன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மரியாதையில் ஒரு குறையும் வைக்காத மனிதர்.

"பஜ்ஜி எடுத்துண்டேளோ? குர்லா வண்டிக்கு நேரமாயிடுத்து பாருங்கோ."

எட்டை மிதித்தவன்

திங்கட்கிழமை காலையில் கம்பெனிக் கதவைத் திறக்கும்போதே நான் வாசலில் நின்றேன். எங்கள் மெக்கானிக் கோவாக்காரர். மேல்மூடியைக் கழற்றி, பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, கடைசி லீவரின் சக்கரத்தை நெடுநேரம் பார்த்தார். பத்துப் பள்ளத்தில் எட்டினுடையது மட்டும் சுத்தமாகத் தேய்ந்து மொழுமொழு என்று இருந்தது. ஒன்று முதல் ஏழு வரை கொஞ்சம் தப்பித்திருந்தன. நான் கடைசியில் ஒரு வெட்டு வெட்டி ஒன்பதுக்கு இழுக்கிற வழக்கத்தில், அடி முழுக்க எட்டின் தலையில் விழுந்திருக்கிறது. எட்டே இல்லாத எண், எட்டைத் தின்று தீர்த்திருக்கிறது. சனி கால் வைக்காத வீடு என்று சொன்ன ஜோஸ்யர் மாமாவை நினைத்துக்கொண்டேன். சனி வீட்டில் இல்லை, வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

புதுச் சக்கரம் வர வேண்டுமானால் கப்பல் வர வேண்டும். எனக்கோ மத்தியானத்துக்குள் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் போக வேண்டும். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மெக்கானிக் சிரித்துக்கொண்டே, இடது கோடியில் நான் ஒருநாளும் தொடாத லீவரின் சக்கரத்தைக் கழற்றி வலது கோடியில் மாட்டினார்; தேய்ந்ததைக் கொண்டுபோய் இடது கோடியில் போட்டார். அவ்வளவு பெரிய எண் அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். பிறகு எண்ணெய்த் துணியை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"எட்டின்மேல் ஒரு குற்றமும் இல்லை, பாபு. நீதான் தினமும் அதை மிதித்துக்கொண்டு ஒன்பதுக்குப் போயிருக்கிறாய்."

அழகில்லாத விடை

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் தலைமைக் கணக்கர் ஒரு மராட்டியர். தடித்த கண்ணாடி, மெல்லிய குரல். பெட்டியைத் திறந்ததும் என் விரல்கள் பழக்கதோஷத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இறங்க ஆரம்பித்தன. அவர் கையை உயர்த்தினார். அந்த எண் வேண்டாம், அதைப் பலபேர் வந்து காட்டிவிட்டுப் போய்விட்டார்கள், என் பேரன்கூடப் போடுகிறான் என்றார். மேஜை இழுப்பறையிலிருந்து தாமே சனிக்கிழமை கையால் போட்டு வைத்திருந்த ஒரு கணக்கை எடுத்தார். விடை இருந்த பக்கத்தை மடித்து மறைத்துக்கொண்டு எண்ணை மட்டும் காட்டினார். 38868178, தரம் ஆறு.

எண்ணைப் பார்த்தேன். எட்டு, எட்டு, மறுபடி எட்டு. போதாததற்குக் கடைசி இலக்கமும் எட்டு! நேற்றைக்குச் செம்பூர் போகாமல் இருந்திருந்தால், இந்நேரம் ஒன்பதுக்கு நழுவிய விடையை வைத்துக்கொண்டு இவர்முன் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு லீவராக வைத்தேன். கடைசி லீவரைக் குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி எட்டில் விட்டேன். 'டிக்' என்றது. அந்தச் சத்தம் காதில் தேனாக விழுந்தது. ஆறு சுற்று. ஜன்னலில் 233209068. பார்க்கச் சகிக்காத விடை. பார்க்கிறவர் எவரும் கை தட்டமாட்டார். அவர் காகிதத்தின் மடிப்பைப் பிரித்து, ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்து ஒப்பிட்டார். பிறகு மெஷின் எத்தனை நாளில் வந்து சேரும் என்று விசாரித்தார். நான் கைப்பிடியைக்கூட விடாமல் ஜன்னலையே திரும்பப் பார்த்தேன். நான் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ, அவரே காரணமும் சொன்னார்.

"உங்கள் எண்ணுக்கு வருகிற விடை அழகாக இருக்கும். இது அழகாக இல்லை, அதனால்தான் நம்புகிறேன்."

மறுபடி செம்பூர்

வேலை நிரந்தரமாயிற்று. மேனேஜர் கை குலுக்கினார். அக்கா பாயசம் வைத்தாள். ரேஷன் சர்க்கரை போனால் போகட்டும் என்றாள். அத்திம்பேர்தான் செம்பூர்ப் பேச்சை எடுக்கவில்லை. பஜ்ஜி எடுத்துண்டேளோ என்று வழியனுப்பின வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? ஆனால் விஷயத்தை அவளிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டி இல்லாமல் வெறுங்கையோடு தனியாகப் போனேன். தோள் லேசாக இருந்தது, மனசுதான் கனத்தது.

ராமசேஷன் வாசலிலேயே நின்றார். மெஷின் எங்கே என்று கேட்டார். விற்றுவிட்டது, நிரந்தரமும் ஆகிவிட்டது, உங்கள் பெண் கேட்ட கேள்வியால்தான் பிழைத்தேன் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். அன்றைக்கு நாங்கள் கிளம்பிய கையோடு, இந்த இடம் வேண்டாம் என்று தாம் முடிவு பண்ணிவிட்டதாகவும், விசாலம்தான் குறுக்கே நின்றதாகவும் சொன்னார். உத்தியோகம் போனால் போகட்டும், வேறு கிடைக்காமலா போகும் என்று அவள் வாதாடினாளாம். எனக்கு வேலை நிலைக்குமா என்பதே தெரியாத அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே சொல்லியிருக்கிறாள்! ஒரு கையால் மறைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். அடுக்களைக் கதவில் அந்தச் சாக்குக்கட்டிக் கணக்கு அழிக்காமல் அப்படியே இருந்தது, அதன் பின்னால் வளையல் சத்தமும் கேட்டது. மகள் தம்மிடம் சொன்ன வார்த்தையை ராமசேஷன் அப்படியே திருப்பிச் சொன்னார்.

"தப்புன்னு சொன்னா கோவிச்சுக்காம, திரும்பப் போட்டுப் பார்க்கறவர் கிடைக்கறது கஷ்டம்ப்பா."

கல்யாணமான நாள்முதல் காய்கறி நிறையிலிருந்து காசி யாத்திரை வரை அவள் என்னைத் திரும்பப் போட்டுப் பார்க்கச் சொன்ன கணக்குகளை நினைத்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கோபித்துக்கொண்டிருக்கலாமோ என்று எப்போதாவது தோன்றும், ஆனால் அதை அவளிடம் சொல்லிப் பார்க்கிற துணிச்சல் மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை.